றஞ்சனி நின்ற காட்சி

அந்தக் காட்சியைத் திரைக்கதையில் எழுதும்போது கஜானிக்கு இரண்டு வரிதான் தேவைப்பட்டது. கடலுக்குப் போன வள்ளம் வந்து சேரவில்லை. பெண்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எடுக்கப் போன பிறகுதான் அந்த இரண்டு வரியும் அசையாத கல்லாகக் கிடந்தன.

மீனவனின் மனைவியாக நடித்தவள் கம்சிகா. யாழ்ப்பாணத்தில் நாடகம் படிப்பிக்கிற ஆசிரியை, கேட்ட இடத்தில் அழக்கூடியவள். ஊர்காவற்றுறைக் கரையில் கமராவை நிறுத்தி "தொடங்குவம்" என்று கஜானி சொன்னதும் கம்சிகாவின் கண் நிறைந்தது, உதடு நடுங்கியது, கை தானாக நெஞ்சுக்குப் போனது. கமராக்காரன் தர்சன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். கஜானிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அந்த அழுகையில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதை அவள் முன்னமே பல தடவை பார்த்திருந்தாள். சென்னையில் அதைத் தானே நின்று எடுத்தும் இருக்கிறாள்.

புளியங்கூடலில் பிறந்த கஜானி, படிக்கவென்று சென்னைக்குப் போனவள். படிப்பு முடிந்தும் திரும்பாமல் அங்கே ஓர் இயக்குநரிடம் உதவியாளராகச் சேர்ந்துகொண்டாள். சேர்ந்த முதல் படத்திலேயே இலங்கை அகதிப் பெண்ணொருத்தி வந்தாள். அவளுடைய வசனங்களை ஊர்த் தமிழுக்கு மாற்றும் வேலை கஜானிக்குக் கிடைத்தது. ராப்பகலாக இருந்து மாற்றிக் கொடுத்தாள். இயக்குநர் முழுவதையும் வாசித்துவிட்டு, நல்லாயிருக்கிறது, ஆனால் நம்ம ஜனங்களுக்குப் புரியாது என்று சொல்லி, பாதியைப் பழையபடி மாற்றினார். மீதியை நடிகை மாற்றினாள். கடைசியில் திரையில் அந்தப் பெண் பேசியது எந்த ஊர்த் தமிழும் இல்லை.

அதற்காக அவர்மேல் அவளுக்குக் கோபம் வந்ததில்லை. வேலை தெரிந்த மனிதர். வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்தால் ஒரு முகம் பொய் சொல்லும், எந்த இடத்தில் வெட்டினால் பார்க்கிறவன் மூச்சை இழுத்துப் பிடிப்பான் என்றெல்லாம் அவரிடம்தான் படித்தாள். "படம்ங்கிறது முகம்தான், மத்ததெல்லாம் செலவு" என்று அடிக்கடி சொல்லுவார். ஆனால் அதே மனிதர், முகத்தில் ஒன்றும் வராத இடத்தில் கிளிசரினைக் கொண்டுவரச் சொல்லுவார். அதுவும் போதாவிட்டால் பாட்டு ஒன்றைப் போடுவார். தன் படத்தில் கிளிசரினும் பாட்டும் இருக்காது, சனம் தான் கதைக்கிறமாதிரித்தான் கதைக்கும் என்று தீர்மானித்துக்கொண்டுதான் கஜானி ஊருக்குத் திரும்பியிருந்தாள்.

படக்குழு தங்குவதற்கு ஊர்காவற்றுறையில் ஒரு வீடு எடுத்திருந்தார்கள். பக்கத்து வளவு டெனிஸ்ரனுடையது. டெனிஸ்ரன் சொந்தமாக வள்ளமும் எஞ்சினும் வைத்திருந்த மீனவர். அவருடைய மனைவி றஞ்சனிதான் குழுவுக்குச் சமைத்துத் தந்தார். படத்தில் கடலுக்குப் போகிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் திரும்பி வருவான், கம்சிகாவின் கணவன் வரமாட்டான். திரும்பி வருகிறவனாக டெனிஸ்ரன் தன் சொந்த வள்ளத்திலேயே வருவதென்றும், அவனுடைய மனைவியாக றஞ்சனி அக்கா கம்சிகாவுக்குப் பின்னால் நிற்பதென்றும் பேசி, இரண்டு பேரிடமும் ஒப்புதல் கையெழுத்தும் வாங்கியாயிற்று. றஞ்சனி அக்காவுக்கு வசனம் இல்லை. நின்றால் காணும்.

டெனிஸ்ரன் வாய் ஓயாத மனிதர். சினிமாப் பைத்தியம். பழைய படங்களின் வசனங்களை ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக் காட்டுவார். படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் அவரைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நின்று சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

"அங்காலை, இந்தியாவிலையிருந்து எங்களுக்கு வாறது ரெண்டு சாமான், தங்கச்சி" என்று ஒருநாள் கஜானியிடம் சொன்னார். "ஒண்டு படம், மற்றது றோலர், அந்த இழுவைப் படகு. படம் வந்தால் குந்தியிருந்து பாப்பம். றோலர் வந்தால் வலையைக் குடுத்துப்போட்டு வெறுங்கையோடை வருவம். எண்டாலும் படத்தைப் பாக்காமல் இருக்கேலாது."

சோழகக் காற்று எழும்பியிருந்த காலம் அது. வள்ளம் வருகிற காட்சியை எடுப்பதாக இருந்த நாளுக்கு முதல் நாள் பின்னேரம், டெனிஸ்ரன் வழக்கம்போல் தொழிலுக்குப் போனார். விடியத் திரும்பி, மீனை இறக்கிவிட்டு, அப்படியே படத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

விடிந்தது. மற்ற வள்ளங்கள் எல்லாம் வந்துவிட்டன. டெனிஸ்ரனைக் காணவில்லை. தொலைபேசியும் வேலை செய்யவில்லை. எழுவைதீவுப் பக்கம் றோலர்கள் நின்றதாகவும், இருட்டுக்குள் ஆளை ஆள் தவறிவிட்டதாகவும் கரைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். மீனவர் சங்கத்துத் தலைவர் அம்புறோஸ் நாலு வள்ளங்களைப் பிடித்துத் தேட அனுப்பினார். மீன் ஏலம் கூறுவதை இடையில் விட்டுவிட்டுச் சனம் கரையோரமாக வந்து கூடியது.

தர்சன் கமராவைத் தூர வில்லையோடு கடலைப் பார்த்து நிறுத்தி வைத்திருந்தான், டெனிஸ்ரனின் வள்ளம் வரும்போது எடுப்பதற்காக. றஞ்சனி அக்கா வந்து கரையின் விளிம்பில் தனியாக நின்றார். படத்துக்கென்று கஜானி தெரிந்தெடுத்துக் கொடுத்த நீலச் சட்டையைத்தான் உடுத்திருந்தார். காலமை எழும்பி அதையே மாட்டியிருக்கிறார் போலும். தர்சன் மெதுவாகக் கமராவை அவர் பக்கம் திருப்பினான். சிவப்பு வெளிச்சம் எரிவதைக் கஜானி கண்டாள். நிறுத்தச் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்கு அப்போது அவளிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை. பிறகு யோசித்தபோது பல காரணங்கள் வந்தன, ஒன்றும் சரியாக இருக்கவில்லை.

வெயில் ஏறி மண் சுடத் தொடங்கிய பிறகுதான் வள்ளம் வந்தது. காரைநகருக்கு வடக்கே அலையில் அடிபட்டுக்கொண்டு கிடந்ததைக் கண்டுபிடித்துக் கட்டியிழுத்துக்கொண்டு வந்தார்கள். றோலர் அறுத்துவிட்ட வலைத்துண்டு ஒன்று எஞ்சின் விசிறியில் சுற்றி, எஞ்சின் நின்றுபோயிருந்தது. டெனிஸ்ரன் வள்ளத்துக்குள் நிமிர்ந்து குந்தியிருந்தார், கரையைக் கண்டதும் கையை ஆட்டினார். பெண்கள் சிலுவை அடையாளம் போட்டார்கள். கஜானி எல்லாரையும்போல் கடலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் திரும்பிப் பார்த்தபோது றஞ்சனி அக்கா நின்ற இடத்தில் இல்லை. சற்று நேரத்தில் ஒரு கோப்பையில் பழஞ்சோற்றுத் தண்ணீரோடு வந்து, புருசனிடம் கொடுத்து, குடியுங்கோ என்று சொன்னார். டெனிஸ்ரன் அதைக் குடித்துக்கொண்டே, சுற்றி நின்றவர்களுக்கு நடந்ததைப் படக்கதைபோலச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அன்று பின்னேரம் தர்சன் எடுத்ததை அவனும் கஜானியும் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தார்கள்.

முதலில் அது பயந்த முகம்தான். வாய் இறுகி, புருவம் சுருங்கி, கண் கடலில் அங்கும் இங்கும் தேடிக்கொண்டிருந்தது. நெடுநேரம் அப்படியே போனது. பிறகு, எந்த இடத்தில் என்று சொல்ல முடியாது, பயம் களைத்துப்போனது. நெற்றிச் சுருக்கம் விட்டது. தோள் இறங்கியது. கண் இன்னும் கடலில்தான் இருந்தது, ஆனால் எதையும் தேடவில்லை. தூரத்தில் தனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது, அதை ஆறுதலாகப் பார்க்கலாம் என்பதுபோல் நின்றது. அது சிரிப்பு இல்லை. சிரிப்பு வருவதற்கு முதல் முகம் கொஞ்சம் இளகுமே, அவ்வளவுதான்.

அப்போது பின்னால் யாரோ "அந்தா வருது" என்று கத்துவது கேட்டது. றஞ்சனி அக்கா கண்ணை மூடினார். திறந்தபோது அந்த முகம் போய்விட்டது. பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்துச் சற்றுக் கண்ணயர்ந்த ஒருத்தி, இறங்கும் இடம் வந்துவிட்டதென்று பைகளைப் பொறுக்கிக்கொண்டு எழும்பும்போது முகம் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டு படத்துக்கு வெளியே நடந்து போய்விட்டார்.

தர்சன் திரும்பவும் ஓடவிட்டான்.  தான் கமராவைப் பிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று கஜானிக்குத் தெரிந்தது. கூடவே, இது தன்னுடையது இல்லை என்பதும் தெரிந்தது.

இதற்காகவே படத்துக்குப் பரிசு கிடைக்கும் என்றான் தர்சன். கையெழுத்தும் இருக்கிறது, அந்த அக்காவிடம் கேட்டுக் குழப்பத் தேவையில்லை என்றும் சொன்னான். நிற்பதற்குத்தான் அவர் கையெழுத்து வைத்தார், இதற்கு வைக்கவில்லை என்று கஜானி சொன்னாள். ஊர்காவற்றுறைச் சனம் இதைப் பார்த்தால் ஒரு பார்வையிலேயே விளங்கிவிடும். புருசன் உயிரோடு வந்ததற்கு முகம் கறுத்தவள் என்ற பெயர் ஒருத்திக்கு ஒருமுறை வந்துவிட்டால் பிறகு அது போகாது.

அடுத்த நாள் டெனிஸ்ரன் எஞ்சினைத் திருத்தப் போயிருந்த நேரம் பார்த்து, கஜானி கணினியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் குசினிக்குப் போனாள். றஞ்சனி அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து பார்த்தார். முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகு எழும்பிப் போய்க் குசினிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஆர் ஆர் பாத்தது?"

"நானும் தர்சனும்."

"அவர் பாத்தவரோ?"

"இல்லை அக்கா."

றஞ்சனி அக்கா திரையில் தன் முகம் நின்றுபோயிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிக்கிற மனுசன் இல்லை, தங்கச்சி. குடிச்சாலும் தன்ரை பாட்டிலை வந்து படுத்திடுவார். அடிச்சிருந்தால் ஆரிட்டையும் சொல்லுறதுக்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும்." அவர் குரலில் முறைப்பாடு இருக்கவில்லை, விலை சொல்லுவதுபோல் சொன்னார். "ஊரோடை அவ்வளவு கதைக்கிறார், பாக்கிறனீர்தானே. வீட்டுக்குள்ளை வந்தால் 'சோறு', 'தேத்தண்ணி', 'வலை எங்கை'. கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து அதுதான் கதை. நீ சாப்பிட்டனியோ எண்டு ஒருநாள் கேட்டதில்லை. கேக்கவேணும் எண்டு அவருக்குத் தெரியாது."

கஜானி கணினியை மூடினாள்.

"அண்டைக்கு நான் அந்தோனியாரிட்டை மண்டாடினனான், உயிரோடை வந்து சேரவேணும் எண்டு. அது பொய்யில்லை. மண்டாடிக்கொண்டு நிக்கேக்கையே இன்னொரு நினைப்பும் வந்திட்டுது. இனி விடிய எழும்பத் தேவையில்லை, மன்னாரிலை தங்கச்சி வீட்டை போய், ஒருத்தரும் கூப்பிடாத ஒரு அறையிலை படுத்துக் கிடக்கலாம் எண்டு. கூடாத நினைப்புத்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு நல்லா இருந்தது. அதுக்குள்ளை வந்திட்டார்."

படத்தில் இதைப் போடவேண்டாம் என்றார். கஜானி அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். அழித்துவிடவா என்று கேட்டாள். றஞ்சனி அக்கா யோசித்தார்.

"அழிக்கவேண்டாம். உம்மட்டை இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மீனிடம் போனார்.

படப்பிடிப்பு முடிந்து, குழு கலைந்து, கஜானி புளியங்கூடலில் தன் வீட்டு அறையில் இருந்து படத்தை வெட்டி ஒட்டத் தொடங்கினாள். கரைக் காட்சி வரும்போதெல்லாம் படம் நொண்டியது. கம்சிகாவின் அழுகையைக் குறைத்துப் பார்த்தாள். முதுகுப்புறமாக எடுத்ததை வைத்துப் பார்த்தாள். வெறும் கடலை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் ஒருநாள், பார்ப்பதற்கு மட்டும்தானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, றஞ்சனி அக்காவின் முகத்தை எடுத்தாள். "அந்தா வருது" என்ற குரலுக்கு முன்னால் வெட்டினாள். அதற்குப் பின்னால் வெறும் கடலையும் அதற்குப் பின்னால் இருளுகிற கரையையும் வைத்தாள். வள்ளம் வருவதை இன்னும் பின்னுக்குத் தள்ளினாள்.

பார்த்தபோது திடுக்கிட்டாள். அதே முகம், ஆனால் வேறு பெண். பயந்து, பயத்தைத் தாண்டி, அவர் வருவார் என்று மனம் ஆறி நிற்கிற ஒருத்தி. புருசனை இவ்வளவு நம்புகிற முகத்தை அவள் எந்தப் படத்திலும் கண்டதில்லை. ஒரு பொய்யும் நடிக்கப்படவில்லை, ஒரு வசனமும் சேர்க்கப்படவில்லை. ஓரிடத்தில் வெட்டியதுதான் அவள் செய்தது.

கிளிசரின் வேண்டாம் என்று வந்தவள், இப்போது அதைவிடப் பெரிய வேலை ஒன்றைச் செய்துவிட்டு இருந்தாள். சென்னை இயக்குநர் தன் பொய்யை எல்லாருக்கும் தெரியும்படி செய்வார். கண்ணில் தண்ணீரை விட்டு, பின்னால் வயலினை இழுத்து, இது படம்தான் என்று காட்டிக்கொண்டே செய்வார். அதில் ஒரு நேர்மை இருந்ததாக இப்போது பட்டது.

சின்ன வயதில் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் அவள் பார்த்த படங்கள் நினைவுக்கு வந்தன. மின்சாரம் இல்லை. யாராவது ஜெனரேற்றரும் ரீவியும் வாடகைக்குப் பிடித்து முற்றத்தில் படம் போடுவார்கள். எண்ணெய் முடிந்தால் படமும் முடியும். அந்த முற்றங்களில் இருந்த பெண்களில் பலர் பிள்ளையை, புருசனை இழந்தவர்கள். செத்த வீட்டில் கல்லாக இருந்தவர்கள். திரையில் யாரோ ஒருத்தி, அவர்கள் ஒருபோதும் காணப்போகாத ஊரில், புருசனைக் கண்டு ஓடிவந்தால் அவர்கள் வாய்விட்டு அழுவார்கள். திரையில் ஓடியவள் அவர்களுக்காகத்தான் ஓடினாளோ என்னவோ. அதைப் பொய் என்று ஒதுக்கத் தனக்கு என்ன உரிமை என்று கஜானி யோசித்தாள். யோசித்தும் முடிவு வரவில்லை. பஸ் ஏறி ஊர்காவற்றுறைக்குப் போனாள்.

றஞ்சனி அக்கா புதிதாக வெட்டிய காட்சியைப் பார்த்தார்.

"இதிலை நான் என்ன செய்யிறன்?"

"அண்ணை வருவார் எண்டு நம்பிக்கொண்டு நிக்கிறியள்."

"சனம் அழுமோ?"

"அழும் எண்டுதான் நினைக்கிறன்."

"அப்ப இது பொய்தானே?"

"ஓம் அக்கா. பொய்தான்."

றஞ்சனி அக்கா சிரித்தார். படத்துக்காகச் சமைத்த அத்தனை நாளில் அவர் சிரித்துக் கஜானி கண்டது அதுதான் முதல் தடவை.

"எத்தினை வருசமா நான் செய்துகொண்டிருக்கிறதுதானே. படத்திலை போடும்" என்றார்.

படத்தை முதலில் ஊர்காவற்றுறையில்தான் காட்டவேண்டும் என்பதில் கஜானி பிடிவாதமாக இருந்தாள். தேவாலயத்துப் பங்கு மண்டபத்தைத் தந்தார்கள். கதிரை போதாமல் சனம் ஓரத்தில் நின்றும் பார்த்தது. டெனிஸ்ரன் முன்வரிசை நடுவில், இஸ்திரி போட்ட சேட்டோடு இருந்தார். றஞ்சனி அக்கா பெண்களோடு பின்னால் இருந்தார். தெரிந்த முகங்கள் திரையில் வரும்போதெல்லாம் சிரிப்பும் கூச்சலுமாக இருந்த மண்டபம், கரைக் காட்சி வந்ததும் அடங்கியது. அந்த முகம் பெரிதாக வந்து நின்றது. தன் பக்கத்தில் ஒரு பெண் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைப்பதைக் கஜானி கண்டாள். பிறகு முன்வரிசையைப் பார்த்தாள். டெனிஸ்ரன் குனிந்திருந்தார். அவருடைய தோள் குலுங்கியது.

படம் முடிந்ததும் கம்சிகாவையும் றஞ்சனி அக்காவையும் சனம் சூழ்ந்துகொண்டது. டெனிஸ்ரனுக்கு வாய் வரவில்லை. எல்லாரும் போகும்வரை மண்டபத்து வாசலில் நின்றுவிட்டு, வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த கஜானியிடம் வந்தார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கட்டோ? அது நடிச்சதோ, இல்லாட்டி உண்மையா நிண்டதோ?"

கஜானி கையிலிருந்த வயரைக் கீழே வைத்தாள். 

"நடிக்கேல்லை அண்ணை. நீங்கள் வராமல் விட்ட அண்டைக்கு எடுத்தது. உண்மையாத்தான் நிண்டவ."

அவர் தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"எனக்கெண்டு ஒருத்தர் இப்பிடி நிண்டது எனக்குத் தெரியாது" என்றார். பிறகு, "சைக்கிள் வெளியிலை நிக்குது, வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதுதான் அவளை வருத்தியது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், அந்த மனிதரிடம் நான் எதை எடுத்துவிட்டேன், எதைக் கொடுத்துவிட்டேன் என்று மாறி மாறி யோசித்தாள்.

சில கிழமைகள் கழித்து றஞ்சனி அக்கா புளியங்கூடலுக்கு வந்தார். வந்த விசயத்தை உடனே சொல்லாமல், கஜானியின் அம்மாவோடு மரக்கறி விலை கதைத்தார். அம்மா உள்ளே போனதும் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"பெரிய கரைச்சலிலை மாட்டிவிட்டிட்டீர்" என்றார்.

டெனிஸ்ரன் மாறிப்போனாராம். கடலால் வந்ததும் குசினிக்குள் வந்து நிற்கிறாராம். சாப்பிட்டாயோ என்று கேட்கிறாராம், தலையிடியோ என்று கேட்கிறாராம். கேட்டுவிட்டு, அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் அப்படியே நிற்கிறாராம். றஞ்சனி அக்காவுக்கோ என்ன மறுமொழி சொல்லுவது என்று தெரியவில்லை. இத்தனை வருடமும் இல்லாத ஒன்று வந்து வீட்டுக்குள் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த முகத்தை நினைத்துக்கொண்டு கேட்கிறார் என்பது தெரியும்போது சில நேரம் அழுகை வருகிறது, சில நேரம் எரிச்சல் வருகிறது.

"சொல்லிப்போடுவமோ எண்டும் நினைச்சனான்" என்றார் றஞ்சனி அக்கா. "பேந்து பாத்தால், எதைச் சொல்லுறது? மண்டாடினதும் நான்தான். மற்றதை நினைச்சதும் நான்தான். ஒண்டை மட்டும் சொன்னால் அதுவும் பொய்தானே."

போன கிழமை டெனிஸ்ரன், உனக்கு என்ன வேணும் என்று கேட்டாராம். யோசிக்க முன்னமே வாயில் வந்துவிட்டது: மன்னாருக்குப் போய்த் தங்கச்சியோடு கொஞ்ச நாள் இருக்கவேணும். அவர் ஏன் என்று கேட்கவில்லை. போய் வா என்றார். தான் எப்படிச் சமாளிப்பது என்றும் கேட்கவில்லை. நாளைக்குப் பஸ். அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றார். போகிறதுக்குச் சந்தோசமோ என்று கஜானி கேட்டாள்.

"சந்தோசம்தான். ஆனால் அண்டைக்குக் கரையிலை நிண்டு நினைச்சமாதிரி இல்லை. இப்ப அவர் இருக்கிறாரெல்லோ" என்றார்.

படம் பிறகு இந்தியாவுக்குப் போனது. சென்னையில் ஒரு சிறிய விழாவில் காட்டினார்கள். பழைய இயக்குநர் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்து, கைத்தடியோடு வந்து, கடைசி வரை இருந்து பார்த்தார். பார்வையாளர் கேள்வி கேட்கும் நேரத்தில், உங்கள் படம் ஏன் இந்தியப் படம்போல் இல்லை என்று ஓர் இளைஞன் கேட்டான். நான் இந்தியப் படம் பார்த்து வளர்ந்தவள், அதிலிருந்து தப்ப முயன்றேன், எவ்வளவு தூரம் தப்பினேன் என்று தெரியாது என்று கஜானி சொன்னாள். சனம் கைதட்டியது. அவள் பகிடிக்குச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் இயக்குநர் அவளைத் தேநீர்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வசனம் பாதி எனக்குப் புரியவில்லை, அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அன்றைக்கு உன் வசனத்தை மாற்றியிருக்கக்கூடாது என்றார். அவ்வளவு காலத்துக்குப் பிறகும் அவருக்கு அது நினைவிருந்தது கஜானிக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு கிளாசை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"அந்தக் கரையில நிக்கிற அம்மா. அந்த ஷாட்டை ஏன் அங்க வெட்டினே? இன்னும் ஓடியிருக்கும்மா அது. அந்த முகம் முடியல."

 மண்டபத்தில் இத்தனை பேர் பார்த்தும் ஒருவருக்கும் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது. இவரிடம் சொல்லலாம், சொன்னால் விளங்கும் என்று ஒரு கணம் தோன்றியது. குசினிக் கதவைச் சாத்திவிட்டு வந்த பெண்ணை நினைத்தாள்.

"அதோடை மெமரி காட் முடிஞ்சுபோச்சு, சார்" என்றாள்.

அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்றார். காசை அவர்தான் கொடுத்தார்.

அவள் ஊருக்குத் திரும்பியபோது றஞ்சனி அக்கா மன்னாரிலிருந்து வந்துவிட்டிருந்தார். நினைத்ததைவிட அதிக நாள் அங்கே இருந்திருக்கிறார். தங்கச்சி வீட்டில் தனி அறை கிடைக்கவில்லையாம், தங்கச்சியின் பிள்ளைகளோடுதான் படுத்தாராம், என்றாலும் நல்ல நித்திரை வந்ததாம். இனி வருசம் ஒருக்காப் போவதென்று புருசனிடம் சொல்லிவைத்திருக்கிறார். டெனிஸ்ரன் அந்த நாட்களில் மீன்குழம்பு வைக்கப் பழகி, ஊரெல்லாம் அதைப் பற்றிச் சொல்லித் திரிந்திருக்கிறார். குழம்பு வாயில் வைக்க முடியாது என்று றஞ்சனி அக்கா சொன்னார்.

கஜானி தான் வந்த காரியத்தைச் சொன்னாள். அடுத்த படத்துக்குக் கதை எழுதியிருக்கிறாள். இந்தமுறை பின்னால் நிற்கிற வேசம் இல்லை. முழுப் படத்திலும் வருகிற பெண், வசனம் நிறைய உண்டு. றஞ்சனி அக்கா நடிக்கவேண்டும்.

றஞ்சனி அக்கா எழும்பிப் போய், வாசலில் காயப்போட்டிருந்த கருவாட்டைக் காகம் கிளறாமல் வலையை இழுத்து மூடிவிட்டு வந்து இருந்தார்.

"முதல்லை கதையைச் சொல்லும்" என்றார். "கேட்டுப்போட்டுத்தான் வாறனோ இல்லையோ எண்டு சொல்லுவன்."

கஜானி சொல்லத் தொடங்கினாள்.